யார் வீட்டு ஊசி

– அப்ப அந்த விரல்ல கட்டு என்னத்துக்கு, வேலாயி அக்கா? நான் கேட்டுட்டே நிக்கிறன், நீங்க பையத் தாங்க, பையத் தாங்கண்டு செல்றீங்க.

– ஒண்ணுமில்ல றுமைஸா தங்கச்சி. குப்பையக் குடுங்க. ட்ராக்டர் ஏத்தத்துல ஏறிருச்சுன்னா அப்புறம் இதைத் தூக்கிக்கிட்டு நான் பின்னாலயே ஓடணும்.

– ட்ராக்டர் ஓடாது. ஒங்கட டிரைவர் முடக்குக் கடையில பிளேன்டி குடிச்சிட்டு ஈக்கிறார். செல்லுங்களே.

– ஊசி குத்திருச்சுங்க.

– தைக்கிற ஊசியா?

– தைக்கிற ஊசிக்கு யாரு கட்டுப் போடுவாங்க? மருந்து ஊசி. முந்தாநாளு பையைத் தூக்கி ட்ராக்டர்ல போடுறேன், சுருக்குன்னுச்சு. மீன் முள்ளா இருக்கும்னு நெனச்சேன். கையை எடுத்தா விரல்லயே தொங்கிக்கிட்டு இருக்கு, ரத்தம் குடிக்கிற கொசு மாதிரி.

– யா அல்லாஹ். கைக்கு உறை போட இல்லையா?

– போட்டுத்தான் இருந்தேன். அது போன மழைக்குக் குடுத்த உறை. விரல் நுனியெல்லாம் வெளிய எட்டிப் பாக்குது. புதுசு கேட்டா வரும், வரும்ங்கிறாங்க. வந்தாலும் என்னங்க, ரப்பர் கண்டு ஊசி திரும்பிப் போயிருமா?

– தெருவெல்லாம் இதே கதைதான். எங்கட தெருவுலதான் குத்திச்சாம், இந்த வீட்டுப் பையாம், அந்த வீட்டுப் பையாம். உண்மையா அக்கா?

– எல்லாத் தெருவுலயும் இதத்தான் கேக்குறாங்க தங்கச்சி. உங்க தெரு இல்லைன்னு சொல்லிட்டா அவங்களுக்கு நிம்மதி. நான் ஒரு ஆளு எத்தனை தெருவுக்கு நிம்மதி குடுக்குறது? என்னத்த சொல்ல, விடுங்க.

– ஒங்களுக்குத் தெரியும்தானே, எங்கட மாமிக்கும் சீனி வருத்தம். காலையிலயும் பின்னேரமும் இன்சுலின் அடிக்கிற. ஊசியொண்டும் நான் பைக்குள்ள போடுறல்ல. இந்தா பாருங்க, உடுப்புக் கழுவுற மருந்து வந்த போத்தல். மொத்தமான பிளாஸ்டிக். இதுக்குள்ள போட்டு மூடியத் திருகித்தான் வெச்சீக்கிறன். நெறஞ்சிட்டுது. ஒங்கட கையில வேறயாத் தரட்டா?

– வேணாம் தங்கச்சி.

– நல்லா மூடித்தானே ஈக்கிது.

– உங்க கையில பத்திரமா இருக்கும். எங்க கையிலயும் பத்திரமா இருக்கும். குப்பை மேட்டுக்குப் போனா? அங்க போத்தல் பொறுக்குறவங்க இருக்காங்க. கெட்டி பிளாஸ்டிக்னா மூடியத் தொறந்து உள்ள இருக்குறதக் கொட்டிட்டு போத்தலைச் சாக்குல போட்டுக்குவாங்க. கொட்டுன எடத்துல செருப்பில்லாத காலும் நடக்குது.

– அப்ப இத நான் எங்க கொண்டு போற? ஊசி வாங்குற பார்மசில கேட்டன். விக்கிறது மட்டும்தான் எங்கட வேலைண்டு சென்னாங்க. கிளினிக்ல கேட்டன். வீட்டு ஊசி எடுக்க எங்களுக்கு ஓடர் இல்லண்டாங்க. அடுப்புல போட்டுப் பார்த்தன். வீடு முழுக்க நாத்தம், கம்பி அப்பிடியே மிஞ்சுது. பக்கத்து வீட்டு மனுசி செல்றா, கக்கூசுக் குழிக்குள்ள போட்டுருங்களேண்டு.

– அந்தக் குழிய அள்ள வர்றதும் எங்காளுங்கதான்.

– அப்ப நான் என்னத்தத்தான் செய்ற?

– மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க. உங்களச் சொல்லல. நீங்க வீட்டுக்குள்ளயே வைங்க. எங்கயாச்சும் எடுப்பாங்க.

– ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா நீங்க? டாக்டர் என்ன சென்னார்?

– நல்ல மனுசன். கத்தல. விரலைக் கழுவச் சொல்லி, மருந்து போட்டு, ஊசியும் போட்டு, ரத்தம் எடுத்தாங்க. ஊசி குத்துனதுக்கும் ஊசிதான் மருந்து, பாத்தீங்களா. கொஞ்ச நாள் கழிச்சு வாங்க, அப்புறம் இன்னொருக்கா வாங்க, கடைசியா அரை வருசம் போனதும் ஒருக்கா பாத்துட்டாத்தான் நிச்சயமாச் சொல்லலாம்னாரு. மஞ்சக் காமாலை இருக்காம், அத விடப் பெரிய வியாதியும் இருக்காம். வர்றது அபூர்வம், பயப்படாதீங்கன்னாரு. அப்புறம் ஒண்ணு கேட்டாரு. யார் வீட்டு ஊசின்னு தெரியுமா, அவங்க ரத்தத்தப் பாத்துட்டா உங்க பயம் பாதி போயிருமேன்னு.

– கேட்டுப் பாக்குறதானே, வீடு வீடா?

– மேற்பார்வை ஐயா விடல. ஒவ்வொரு வீட்டுக் கேட்டுலயும் நின்னு உங்க வீட்டுல யாருக்கு வியாதின்னு கேட்டா முறைப்பாடு வரும், வேலாயி, அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாரு. அதுவும் சரிதானே. யாரு ஆமாம்பாங்க? ட்ராக்டர் சத்தம் கேக்குது. பையக் குடுங்க தங்கச்சி.

*

– இண்டைக்கு நான் பை தர இல்ல அக்கா. முதல்ல இந்தப் படியில குந்துங்க. முகம் என்ன இப்பிடி வத்திப் போயீக்கிது? சாப்பிட்டீங்களா?

– சாப்பிட்டேன், சாப்பிட்டேன். அலுப்புங்க. ஹாலிஎலயில எங்க வீட்டுல இருந்து நின்னுக்கிட்டே வந்தேன், பஸ்ஸுல அவ்வளவு சனம்.

– அது பஸ் அலுப்பு இல்ல. ரெண்டாவது ரத்தம் பார்த்தீங்களா?

– பாத்தாச்சு. ஒண்ணும் இல்லையாம். ஆனா கடைசிப் பரிசோதனை வரைக்கும் முடிஞ்சதுன்னு சொல்ல ஏலாதாம். நான் அந்த வியாதிக்குப் பயப்படல தங்கச்சி. வந்தா வருது. எம் மக மதுஷாவுக்கு ஏழாம் மாசம் நடக்குது.

– தெரியும். பெரகலயில கட்டிக் குடுத்த மகள்தானே. தலப் பிள்ளைக்கு ஒங்கட வீட்டுக்குக் கூட்டிட்டு வாறண்டு சென்னீங்க.

– வளைகாப்பு முடிஞ்ச கையோட கூட்டியாரணும். எங்க தோட்டத்து லய வீட்டுல அவளுக்குன்னு ஒரு காம்பராவைப் பூசி, புதுப் பாய் வாங்கி வச்சிருக்கேன். போனேன். சம்பந்தியம்மா வாசல்லயே நிக்க வச்சுட்டாங்க. ஊசி குத்துன கையோட எங்க மருமகளத் தொடாதீங்க, பொறக்குற பிள்ளைக்கு என்னமும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றதுன்னாங்க. தண்ணி குடுத்தாங்க, போத்தல் தண்ணி. வீட்டு டம்ளர்ல குடுக்கல.

– மருமகன் ஒண்டும் செல்ல இல்லையா?

– ரமேஸா? பாவம், அவரு அம்மாவப் பாக்குறாரு, என்னையப் பாக்குறாரு. மதுஷா ஜன்னல்ல நின்னு அழுவுறா. நான் வளையலை வாசப்படியில வச்சுட்டு வந்துட்டேன். அட, வளையல் போடுறதுக்குக் கூட இந்தக் கை ஆகாமப் போச்சு பாருங்க.

– தொட்டால் வராதுண்டு டாக்டர் செல்ல இல்லையா?

– சொன்னாரு. நானும் சொன்னேன். டாக்டர் சொல்லுவாரு, வந்துட்டா அவரா பாப்பாருங்கிறாங்க. யாரு ரத்தம்னே தெரியாத ஊசின்னு அந்த ஒரு வார்த்தையப் புடிச்சுக்கிட்டாங்க.

– வேலாயி அக்கா.

– சொல்லுங்க.

– அது எங்கட வீட்டு ஊசி.

– என்னது?

– எங்கட மாமிட ஊசி. அண்டைக்கு போத்தல் நெறஞ்சு போயிருந்திச்சி. மாமி கடதாசில சுத்திப் பைக்குள்ள போட்டுட்டா. நான் பொறகுதான் கண்டன். ஒங்கட விரலப் பார்த்ததும் பயந்துட்டன். செல்ல வாய் வர இல்ல.

– தங்கச்சி, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?

– யோசிச்சுத்தான் செல்றன். இத்தன நாளும் அதைத்தான் யோசிச்சன். மாமியக் கூட்டிட்டுப் போய் ரத்தமும் குடுத்தாச்சி. ஒண்டுமில்ல அவக்கு. சீனியத் தவிர ஒரு வருத்தமும் இல்ல.

– உங்க மாமியார் ரஹ்மத்தும்மா ஒத்துக்கிட்டாங்களா? அவங்க வாசல்ல சருகு கெடந்தாலே என்னையக் கூப்புட்டுக் காட்டுறவங்களாச்சே.

– கத்தினாதான். நான் ஒரு ஊசிய வெளிய போட்ட மனுசியா, இந்த வயசுல என்ன இப்பிடி அசிங்கப்படுத்துறியாண்டு கேட்டா. பொறகு நான் ஒங்கட மகள்ட கதையச் சென்னன். அப்பிடியே எழும்பிப் போய் அபாயாவ மாட்டிட்டு, த்ரீவீலக் கூப்பிடுண்டா.

– உங்க வீட்டுக்காரரு?

– அவர்ட கதைய விடுங்க. நான் பெரகலக்கு வாறன் அக்கா. ஒங்கட சம்பந்தி முன்னுக்கு நிண்டு என்ட வாயால செல்றன். யார் ரத்தம் தெரியாதுண்டு இனி அவங்க செல்ல ஏலாதுதானே?

– நீங்களா வந்து சொல்லப் போறீங்க?

– ஏன் இப்பிடிப் பாக்குறீங்க? என்னோட கோவமா?

– கோவம் இல்லைங்க. கோவப்படத் தெம்பு எங்க இருக்கு. வாங்க. ஞாயித்துக்கிழமை போவோம்.

– இன்னமொண்டு. மாமிக்கு ஒண்டுமில்லண்டு நீங்க ஒங்கட பரிசோதனைய உட்டுரக் கூடாது. கடைசி மட்டும் போகணும். எனக்கு சத்தியம் செய்யுங்க.

– போறேன். டாக்டர் சொன்னத நான் விட மாட்டேன். நீங்க சத்தியமெல்லாம் கேக்காதீங்க.

*

– பேச்சியம்மா சம்பந்தி, இவங்கதான் நான் சொன்ன றுமைஸா. பதுளையில இருந்து வந்திருக்காங்க. ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிருவோம், உள்ள கூட வரல.

– பேசட்டும். வாயாலதான பேசப் போறாங்க. சொல்லும்மா.

– வேலாயி அக்காக்குக் குத்தின ஊசி எங்கட மாமிக்கு அடிச்ச ஊசி. சீனிக்குப் போடுற ஊசி. மாமிட ரத்தத்தப் பார்த்தாச்சி. ஒரு தொத்து வருத்தமும் இல்ல. வேலாயி அக்காக்கும் ரெண்டு தரம் பார்த்தாச்சி, ஒண்டுமில்ல.

– அப்ப நீதானா அது?

– எங்கட வீடுதான்.

– பாத்தா நல்ல குடும்பத்துப் பொண்ணா இருக்க. குப்பையில கை வைக்கிறதும் மனுசக் கைதான்னு உனக்குத் தெரியாது? வீட்டுக்குள்ள வச்சிருந்தா உன் பிள்ளைக்குக் குத்தும்னு வெளிய போட்டுட்ட. வெளிய இருக்குறவளுக்குப் பிள்ளை இல்லையா?

– சம்பந்தி, போதும். அவங்க வந்து சொல்லணும்னு ஒண்ணும் இல்ல. தானா வந்திருக்காங்க.

– நீங்க சும்மா இருங்க. எத்தனை நாளா இந்தப் பிள்ளைத்தாச்சி சோறு எறங்காமக் கெடக்கா, தெரியுமா உனக்கு? நான் என்னமோ ராச்சசி மாதிரி எம் மகன் என்கிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டேங்கிறான். எல்லாம் உன் ஒரு ஊசியால. சொல்லு, இது நியாயமா?

– பிழைதான். என்ன செல்ற நான்?

– சம்பந்தி, நான் கும்புட்டுக் கேக்குறேன். அந்தப் பிள்ளைய ஏசாதீங்க.

– ஏசாம? எந் தங்கச்சி மஞ்சக் காமாலையில போனா. மடியில கைப்பிள்ளை. இதே காம்பராவுல. கண்ணு மஞ்சளாகி, நகம் மஞ்சளாகி, கடைசியில எங்க யாரையும் அடையாளம் தெரியல அவளுக்கு. அந்தக் கைப்பிள்ளையத் தூக்கி வளத்தவ நான். எனக்குப் பயம் இருக்காதா? உங்கள நான் வெறுப்புலயா வாசல்ல நிறுத்துனேன் வேலாயி?

– தெரியுங்க. அன்னைக்கே தெரியும்.

– அந்த மாமிக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களா? அல்லா மேல ஆணையாச் சொல்லு.

– மாமிக்கு ஒரு வருத்தமும் இல்ல. அது அல்லாஹ் மேல ஆணை.

– ம்... சரி. கூட்டிக்கிட்டுப் போங்க. மதுஷா! உன் துணிமணிய எடுத்து வைடி, உங்கம்மா வந்துருக்கா. நீங்க ரெண்டு பேரும் ஏன் இன்னும் வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க. தேத்தண்ணி ஊத்துறேன். ஏம்மா, நீயும்தான். ஏசுனேன்னு ரோசப்பட்டுக்கிட்டு நிக்காத.

*

– இவதான் எம் பேத்தி. போன்ல சரியாத் தெரியல, இருங்க, வெளிச்சத்துல புடிக்கிறேன். மூக்கப் பாருங்க, அப்படியே எங்க வீட்டுக்காரரு தம்பையா மூக்கு.

– மாஷா அல்லாஹ். நல்லா கொழுகொழுண்டு ஈக்கிறா. நீங்களா குளிப்பாட்டுற?

– நான்தான். கால நீட்டிப் போட்டுக் குப்புறப் படுக்க வச்சு ஊத்துனேன்னா சத்தமே வராது. சம்பந்தியம்மா வந்து பக்கத்துல குந்திக்கிட்டு, தலைய நல்லாப் புடிங்க, காதுல தண்ணி போகப் போகுதுன்னு அதிகாரம். அவங்களே சொம்பை எடுத்துக் குடுக்குறாங்க. அத விடுங்க. நேத்து கடைசி ரத்தம் பாத்த முடிவச் சொன்னாங்க.

– என்ன?

– ஒண்ணும் இல்ல. இனி வர வேணாம்னுட்டாங்க.

– அல்ஹம்துலில்லாஹ்! அத முதல்ல செல்லாம மூக்கக் காட்டிட்டு ஈக்கிறீங்க!

– சந்தோசமாத்தான் இருக்கு. ஆனா வெளிய வந்ததும் ஒரே தூக்கம். ஆஸ்பத்திரி வாங்குல சாஞ்சு தூங்கியே போனேன். ஒரு நர்ஸ் புள்ள வந்து தட்டி எழுப்புறா. உங்க கேட்டுல என்னங்க அது, மஞ்சள் பெட்டி?

– அதா? அது ஒரு பெரிய கதை. பெரகலக்குப் போய் வந்த பொறகு தெருவுக்கே தெரிஞ்சி போச்சி. எப்பிடிண்டு எனக்குத் தெரியாது. எங்கட அவர் கடைக்குப் போனா, ஒங்கட வீட்டு ஊசியாமேண்டு கேக்குறாங்களாம். வந்து என்னோட கதைக்கவே இல்ல கொஞ்ச நாள். பக்கத்து வீட்டு மனுசி பிள்ளைகள இந்தப் பக்கம் விளையாட விட இல்ல. மாமி கலியாண வீடொண்டுக்குப் போய் சாப்பிடாமத் திரும்பி வந்தா.

– ஐயோ. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே தங்கச்சி.

– சென்னா நீங்க என்ன செய்ற? கேளுங்க, ஒருநாள் சுபஹ் தொழுதுட்டு வாசலக் கூட்டப் போறன், கேட்டுக் கம்பியில ஒரு பால்மா டின் கட்டித் தொங்குது. பாம்போ, செய்வினையோண்டு பயந்துட்டன். தொறந்தா உள்ளுக்கு முழுக்க ஊசி. அடுத்த நாள் ஒரு போத்தல். பொறகு இன்னொண்டு. ஒருத்தரும் மணியடிக்க இல்ல, பேர் செல்ல இல்ல. இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் சீனியே இல்லண்டு செல்லித் திரிஞ்ச வீடுகள்தான் எல்லாம்.

– பாத்தீங்களா. எடம் இருந்துச்சுன்னா சனங்க போடத்தான் செய்யிறாங்க.

– மெய்தான். கெட்ட பேர் வாங்கின வீடு இதுதானே, இங்கயே போடுவோம்ண்டு நெனச்சீப்பாங்க. எல்லாத்தையும் ஒரு வாளியில போட்டு, மாமியையும் கூட்டிட்டு சுகாதாரக் கந்தோருக்குப் போனன். ஓடர் இல்லண்டாங்க. மாமி அந்த வாளிய மேசைக்கு மேல வெச்சிட்டு வாங்குல குந்திட்டா. ஓடர் வரும் மட்டும் நான் இங்கதான், எனக்கு ஊசி அடிக்கிற நேரம் வந்தா இங்கயே அடிச்சிக்கிறண்டு. பெரிய டாக்டர் நோனா வெளிய வந்து பார்த்துட்டு, அவக்கே சிரிப்பு. இப்ப இந்தப் பெட்டியத் தந்தீக்கிறாங்க. ஆஸ்பத்திரிக் கழிவு எடுக்க வார வண்டி இங்கயும் நிண்டு இத எடுத்துட்டுப் போகுது. ஒங்கட ட்ராக்டருக்கு இனி ஒரு ஊசியும் வராது, இந்தத் தெருவுல இருந்து.

– இந்த ஒரு தெருவுல இருந்து.

– ஓம். இந்த ஒரு தெருவுல இருந்து. மத்தத் தெருவுக்கும் கேட்டு நடக்க எனக்கு இப்ப சக்தி இல்ல அக்கா. கொஞ்சம் மூச்செடுத்துக்கிறன்.

– எடுங்க. உங்களுக்கு நான் என்ன செஞ்சாலும் ஈடாகாது தங்கச்சி. அன்னைக்கு பெரகலயில அந்தம்மா அவ்வளவு ஏசுறப்ப எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. மதுஷா ஜன்னல்ல நின்னா. அவள ஒரு தடவை பாத்தேன், முழுங்கிட்டேன்.

– என்ன வந்திச்சி நாக்கு நுனிக்கு?

– விடுங்க. பையக் குடுங்க, ட்ராக்டர் வருது.

– இல்ல, நில்லுங்க. நானும் ஒண்டு செல்லணும் ஒங்களுக்கு. ஒங்கட கடைசி முடிவு வரட்டும்ண்டுதான் காத்துட்டு இருந்தன். இனிப் பயமில்லதானே. அக்கா, அந்த ஊசி ஈக்கிதே, அது...

– சொல்ல வேணாம் தங்கச்சி. அன்னைக்கு என்னைய ரயில் ஸ்டேஷன் பக்கத்து வேலைக்கு மாத்தி விட்டிருந்தாங்க. ஊசி குத்துன நாளு நான் உங்க தெருவுக்கே வரல.